தாயின் தாச்சியும் பிள்ளையின் சீனியும்

மட்டக்களப்பு வாவியின் எந்தக் கரையிலும், எழுவான்கரையோ படுவான்கரையோ, ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் வீட்டில் முதலில் தேடப்படும் பொருள்களில் ஒன்று நல்லெண்ணெய்ப் போத்தல். பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டு, அந்த முட்டைக் கோதையே அளவாக வைத்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுப்பார்கள். பிள்ளை முகத்தைச் சுளித்தாலும் விடமாட்டார்கள். அதன்பிறகு உளுத்தங்களி, அதிலும் எண்ணெய் மினுங்கும். ஏன் இதெல்லாம் என்று கேட்டால், இடுப்புப் பலக்கும், நாளைக்குப் பிள்ளைப்பேறு லேசாகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இடுப்பு பலக்குமா இல்லையா என்பது ஒருபக்கம் இருக்கட்டும். இந்த வழக்கத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. இன்று ஒரு சிறுமியின் வயிற்றுக்குள் போகும் கொழுப்பு, பத்துப் பதினைந்து வருடம் கழித்து அவள் பெறப்போகும் பிள்ளையின் உடம்பில் வந்து சேரும் என்கிற கணக்கு அது. கடந்த நாற்பது ஆண்டுகால மருத்துவ ஆய்வுகள் ஏறக்குறைய இந்தக் கணக்கைத்தான் வேறு பாஷையில் போட்டுப் பார்த்திருக்கின்றன. விடை நம் பாட்டிமார் நினைத்ததை விடச் சிக்கலானது. ஆனால் எப்போது தொடங்க வேண்டும் என்பதில் அவர்கள் பிழை விடவில்லை.

சீனி வருத்தம் இன்று யார் வீட்டுக்கும் புதிதல்ல. இலங்கையில் 2005-06ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வு, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அதில் இல்லை; வாவிக்கரை மக்களின் இரத்தம் அந்தக் கணக்கில் ஒரு துளிகூடச் சேரவில்லை. 2018-19இல் நாடு முழுவதையும் எடுத்து நடந்த இன்னோர் ஆய்வில் வளர்ந்தவர்களில் கிட்டத்தட்ட 23 சதவீதம் என்று வந்தது. இரண்டு ஆய்வுகளும் அளந்த முறை வேறு என்பதால் நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நால்வரில் ஒருவரை நெருங்கும் ஒரு நோயை, தின்ற இனிப்பின் பலன் என்று தனிமனிதர் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அது எங்கே தொடங்குகிறது என்று பின்னோக்கிப் போனால், பல பாதைகள் தாயின் வயிற்றில் போய் நிற்கின்றன.

அங்கே நடப்பது இதுதான். தாயின் இரத்தத்திலுள்ள சீனி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. ஆகவே தாய்க்குச் சீனி கூடினால், அதைச் சமாளிக்கப் பிள்ளையின் சின்னஞ்சிறு கணையம் தானே இன்சுலினைச் சுரக்க வேண்டும். இன்சுலின் சீனியை இறக்குவதோடு நிற்பதில்லை, கொழுப்பைச் சேர்க்கவும் செய்யும். கொழுப்பும் இந்த நாடகத்தில் ஒரு பாத்திரம். கர்ப்பத்தின் பின்பாதியில் எந்தத் தாயின் உடம்பும் இன்சுலினுக்குக் கொஞ்சம் மசியாமல் போகும். பிள்ளைக்குச் சீனியை மிச்சம் பிடிக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அப்போது தாயின் சேமிப்புக் கொழுப்பு கரைந்து இரத்தத்தில் இறங்கும். டிரைகிளிசரைட்டு எனப்படும் கொழுப்பு இரண்டு மூன்று மடங்காகும். நஞ்சுக்கொடி அதை உடைத்துப் பிள்ளைக்கு அனுப்பும். தாயின் உடம்பு ஏற்கெனவே இன்சுலினுக்குச் செவிடாகிவிட்டிருந்தால் சீனி, கொழுப்பு இரண்டும் அளவு மீறிப் போகும். இன்சுலின் சுரக்கும் பீட்டா கலங்கள் பெரும்பாலும் கருவிலும் பிறந்த முதல் சில ஆண்டுகளிலும்தான் பெருகுகின்றன. அத்திவாரம் போடும் நேரத்தில் இந்த நெருக்கடி. தாய் தின்ற எண்ணெய் நேரே பிள்ளையிடம் போய்க் கெடுக்கிறது என்று எண்ணுவது அரைகுறை. அது பெரும்பாலும் தாயின் இன்சுலினைக் கெடுத்து, அந்தக் கதவால்தான் பிள்ளையிடம் போகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இது பரம்பரை வருத்தம், தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும், இதில் கருவறைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடியினரிடமிருந்து வந்தது. உலகிலேயே நீரிழிவு மிகக் கூடிய மக்களில் அவர்களும் அடக்கம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில், தாய்க்கு நோய் வருமுன் பிறந்தவரையும் வந்தபின் பிறந்தவரையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த முடிவு: பின்னால் பிறந்தவருக்கு நோய் வரும் வாய்ப்பு முன்னால் பிறந்த சகோதரரை விட 3.7 மடங்கு. ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே வீடு. மாறியது வயிற்றுக்குள் இருந்த சூழல் மட்டும். தகப்பனுக்கு நோய் வருமுன்னும் பின்னும் பிறந்தவர்களிடம் இப்படி வேறுபாடு காணப்படவில்லை. நமக்கு இன்னும் கிட்டிய சான்று மைசூரில் இருக்கிறது. அங்கே ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1997-98இல் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, கர்ப்பகால நீரிழிவு கண்ட தாய்மாரின் பிள்ளைகள் ஒன்பதரை வயதிலேயே கூடுதல் கொழுப்போடும் இன்சுலினுக்கு மசியாத உடம்போடும் இருந்தார்கள். பரம்பரை இருக்கிறதுதான். ஆனால் அதன் மேல் கருவறையும் தன் பங்குக்கு எழுதுகிறது.

அப்படியானால் தாயின் இன்சுலினை எந்தக் கொழுப்பு கெடுக்கிறது? இங்கே நம் ஊர்ப் பின்னேரக் கடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டும்போது தாச்சி எண்ணெய் தெளிந்த பொன்னிறமாக இருக்கும். முதலில் உளுந்து வடை, பிறகு வாய்ப்பன், பிறகு தூள் பூசிய றோல்ஸ். தூள் உதிர்ந்து அடியில் கருகும். ஏழு மணியாகும்போது எண்ணெய் தேயிலைச் சாயம் போல் இருக்கும், ஓரத்தில் நுரை கட்டும், கண்ணைக் கரிக்கும் புகை வரும். குறைந்த எண்ணெய்க்கு மேல் புது எண்ணெய் ஊற்றுவார்களே தவிரப் பழையதைக் கொட்டமாட்டார்கள். எண்ணெய் விற்கும் விலையில் கடைக்காரரையும் குறை சொல்வதற்கில்லை. திரும்பத் திரும்பச் சூடேறிய எண்ணெய் காற்றோடு கலந்து சிதைகிறது, உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேர்கின்றன. அமெரிக்கத் தாதியர் 15,000க்கும் மேற்பட்டோரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வொன்று 2014இல் வெளிவந்தது. கர்ப்பம் தரிக்கும் முன்னர் வாரத்துக்கு ஏழு தடவையோ அதற்கு மேலோ பொரித்த உணவு உண்டவர்களுக்கு, வாரத்தில் ஒரு தடவைகூட உண்ணாதவர்களை விடக் கர்ப்பகால நீரிழிவு வாய்ப்பு 88 சதவீதம் கூடுதலாக இருந்தது. வீட்டில் பொரித்ததை விட வெளியில் வாங்கியதோடுதான் இந்தத் தொடர்பு பலமாகத் தெரிந்தது. அது அவதானித்துக் கணக்கிட்ட ஆய்வு. பொரித்ததுதான் காரணம் என்று நிரூபித்ததாகாது. ஆனாலும் அதில் வரும் ‘கர்ப்பம் தரிக்கும் முன்னர்’ என்ற சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுப்பையே குறைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று தோன்றும். கிளினிக்கிலிருந்து வீடு திரும்பும் பல பெண்கள் விளங்கிக்கொள்வதும் அதைத்தான். ஸ்பெயினின் மட்ரிட் நகரத்தில் நடந்து 2017இல் வெளியான ஒரு பரிசோதனை இந்த எண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டது. கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஒலிவ் எண்ணெயும் பிஸ்தாவும் தாராளமாகச் சேர்க்கச் சொன்னார்கள். மற்றப் பகுதியினருக்கு அவை உட்பட எல்லாக் கொழுப்பையும் மட்டுப்படுத்தச் சொன்னார்கள். கொழுப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களில் 23.4 சதவீதத்தினருக்குக் கர்ப்பகால நீரிழிவு வந்தது. சேர்க்கச் சொல்லப்பட்டவர்களில் 17.1 சதவீதம். மட்டக்களப்பில் ஒலிவ் எண்ணெய்க்கு எங்கே போவது என்று கேட்கலாம். நல்லெண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் நிறைவுறாதது. கச்சானும் கஜுவும் அந்த வகையில் பிஸ்தாவுக்கு உறவுமுறை. மட்ரிட்டின் முடிவு இவற்றுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சாதிக்கவில்லை. கொழுப்பின் அளவை விட வகை பெரிது என்பதற்கு அது போதும்.

தேங்காய் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் கொழுப்பைப் பற்றிப் பேசிவிட முடியாது. நூறு கிராம் தேங்காய்ப்பூவில் 33 கிராம் கொழுப்பு, அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. புத்தகக் கணக்குப்படி அது கூண்டில் ஏற வேண்டிய குற்றவாளி. உடனே எதிர்வாதமும் வரும்: எங்கள் அம்மம்மா கட்டிப்பால் விட்டுத்தான் கறி காய்ச்சினாள், எருமைத் தயிரைச் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டாள், அவளுக்கு எந்தச் சீனி வருத்தமும் இருக்கவில்லை. இந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு. அம்மம்மாவுக்குச் சோதித்துப் பார்க்க ஆளில்லை என்பது ஒன்று. வயலுக்கு நடந்தாள், நெல் குத்தினாள், தோணியில் ஏறி வாவியைக் கடந்தாள் என்பது இன்னொன்று. அந்தத் தேங்காயை எரிக்க ஓர் உடம்பு இருந்தது. இன்றைய தட்டில் தேங்காய்ப்பாலோடு சேர்ந்து இருப்பது தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றுக் குவியல், அதன்பின் சீனி இரண்டு கரண்டி போட்ட பால்தேநீர், பின்னேரம் பணிஸ். கொழுப்பும் மாப்பொருளும் இப்படிக் கைகோர்க்கும்போதுதான் இன்சுலின் திணறுகிறது. இதில் சீனியின் பங்குக்குச் சான்றும் உண்டு. பிரித்தானியாவில் போர்க்காலச் சீனிப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. பங்கீட்டுக் காலத்தில் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இருந்தவர்களையும் அதற்குப் பின் வந்தவர்களையும் ஒப்பிட்ட 2024ஆம் ஆண்டு ஆய்வு, முன்னவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 சதவீதம் குறைவு என்று கண்டது. ஆகவே என் தீர்ப்பில் தேங்காய் முதற்குற்றவாளி ஆகாது. கட்டிப்பாலைக் குறைத்துத் தண்ணிப்பாலில் சொதி வைப்பது நல்லதுதான். ஆனால் சொதியைத் திட்டிவிட்டுப் பணிஸை விடுவது எலியை விட்டு வளையை அடிப்பது போன்றது.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். நம் ஊர்களில் எல்லாத் தாயும் அதிகம் தின்று கெட்டவள் இல்லை. 2016ஆம் ஆண்டின் இலங்கைக் கணக்கெடுப்பில் பிறந்த குழந்தைகளில் 15.7 சதவீதம் இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோது, முட்டையும் மீனும் முதலில் யார் தட்டிலிருந்து எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டினியும் பிள்ளைக்கு நீரிழிவைக் கொண்டுவரும். 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தை ஜெர்மானியப் படை பட்டினி போட்டபோது கருவில் இருந்தவர்கள், ஐம்பது வயதில் சீனியைச் சமாளிக்க முடியாமல் நின்றார்கள். புனேயில் யாக்னிக் என்ற மருத்துவர் 1990களில் கிராமத்துப் பிள்ளைகளை அளந்தபோது ஒரு விசித்திரம் கண்டார்: சராசரி 2.7 கிலோ எடையில், ஆங்கிலக் குழந்தைகளை விட எலும்பும் தசையும் மெலிந்து, கொழுப்பு மட்டும் ஏறக்குறையக் குறையாமல் பிறந்தன. மெலிந்த, ஆனால் கொழுத்த குழந்தை. அதே ஆய்வில் கர்ப்பத்தின் 18ஆம் வாரத்தில் கூடுதல் கொழுப்பு உண்ட தாய்மாரின் குழந்தைகள் நீளமாகவும் எடை கூடியும் பிறந்தன. 1990களில் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் கஞ்சி குடித்த தாய்மாருக்குப் பிறந்த பெண்கள்தான் இன்று கிளினிக் வாங்கில் கர்ப்பிணிகளாக அமர்ந்திருக்கிறார்கள். குறைவாக வாழப் பழகிய உடம்பின் மேல் இன்றைய றோல்ஸும் சோடாவும் வந்து விழுகின்றன. மெலிந்த பெண்ணிடம் போய் எண்ணெயைக் குறை என்று சொல்வது கெடுதலான புத்திமதி.

மீன்பாடும் தேன்நாட்டில் இருந்துகொண்டு மீனைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா? ஒமேகா-3 கொழுப்பு பிள்ளையின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது, அதில் சந்தேகமில்லை. சீனி வருத்தத்தைத் தடுக்குமா என்பதில்தான் கதை மாறுகிறது. டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் 1990இல் 533 கர்ப்பிணிகளுக்கு மீன் எண்ணெய், ஒலிவ் எண்ணெய், வெறுமனே என்று பிரித்துக் கொடுத்து, பிறந்த பிள்ளைகளை 19 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். உடற்கொழுப்பிலோ இன்சுலினிலோ சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் கொப்பன்ஹேகனில் நடந்த பரிசோதனையில், மீன் எண்ணெய் எடுத்தவர்களின் பிள்ளைகள் ஆறு வயதில் சற்று எடை கூடியிருந்தார்களே ஒழிய, உடம்பில் கொழுப்பின் வீதம் கூடவோ குறையவோ இல்லை. ஆகவே பாமசியில் விலை கூடிய மீன் எண்ணெய்க் குளிசையை, பிள்ளைக்குச் சீனி வராது என்ற நம்பிக்கையில் வாங்குவது காசைக் கரைக்கிற வேலை. மீன் வேறு. ஒரு தட்டில் சாளைக் கறி இருந்தால் அங்கே பொரித்த கோழி இல்லை. அதன் பயன் பாதி அது பிடித்த இடத்தில் இருக்கிறது. இன்னொன்று: வாவியில் பிடிபடும் திலாப்பியாவும் இறாலும் நண்டும் நல்ல புரதம், ஆனால் கொழுப்புக் குறைந்தவை. ஒமேகா-3 நிறைந்த சாளை, சூடை, கும்பளா எல்லாம் முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் வருபவை. விலையிலும் மலிவு, பெரிய சுறா போல இரசம் சேரும் ஆபத்தும் அவற்றில் குறைவு. அவற்றைப் பொரித்து எடுத்தால் வந்த நன்மையில் பாதி தாச்சியிலேயே நின்றுவிடும். புளி விட்டுக் காய்ச்சுங்கள்.

எலிகளிலும் குரங்குகளிலும் கொழுப்புத் தீன் கொடுத்த தாய்க்குப் பிறந்த குட்டிகளின் ஈரலும் கணையமும் கெட்டன என்று நூற்றுக்கணக்கான ஆய்வுகள் உள்ளன. அமெரிக்காவின் ஒரிகனில் மக்காக் குரங்குகளில் 2009இல் செய்த ஆய்வில், கொழுப்புத் தீன் தின்றும் கொழுக்காத தாயின் கருவிலும் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. இவற்றை நான் இதுவரை எடுக்காமல் விட்டதற்குக் காரணம், ஆய்வுகூட விலங்குக்குக் கொடுக்கும் தீன் நம் சமையல் அல்ல என்பதே. ஆனால் ஓர் எலி ஆய்வை மட்டும் விட்டுவிட மனமில்லை. 2010இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தாய்க்குச் சாதாரண தீனும் தகப்பன் எலிக்குக் கொழுப்புத் தீனும் கொடுத்தார்கள். பிறந்த பெண்குட்டிகளுக்கு இன்சுலின் சுரப்புக் கெட்டது. பீமாக்களின் தகப்பன்மாரிடம் இது தெரியவில்லை என்பதால் மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான். என்றாலும் இத்தனை பாரத்தையும் பெண் தலையிலேயே ஏற்றி, தின்றது நீதானே என்று கேட்கும் மாமியாருக்கும் கணவனுக்கும் இந்த எலி ஒரு பதில். எந்த எண்ணெய் வாங்குவது, பின்னேரம் எந்தக் கடையில் பொதி கட்டுவது என்பதைப் பல வீடுகளில் தீர்மானிப்பது அவள் அல்லள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி, அடிக்கோடிட்டு வைத்த சொற்களுக்கு வருவோம். நம் நாட்டுக் கிளினிக்குகள் இதில் உண்மையில் பெருமைப்படத் தக்கவை. மருத்துவமாது வீடு தேடி வந்து பதிகிறார், சீனி சோதிக்கிறார்கள், 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துத் திரும்பவும் பார்க்கிறார்கள். திரிபோஷா எனும் சத்துமா 1973இலிருந்து கிடைக்கிறது. 2015இல் போஷாக்குப் பொதிக்கு 20,000 ரூபாய் ஒதுக்கி, பத்து மாதத்துக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் இவை எல்லாம் வயிற்றில் பிள்ளை தங்கியபின் தொடங்குபவை. அவுஸ்திரேலியாவில் கர்ப்பகால நீரிழிவுக்குச் சிகிச்சை பெற்ற தாய்மாருக்குப் பிரசவத்தில் சிக்கல் குறைந்தது. பெரிய குழந்தைகளும் குறைந்தன. அந்தப் பிள்ளைகள் நாலைந்து வயதானபோது உடற்பருமனில் சிகிச்சை பெறாத தாய்மாரின் பிள்ளைகளோடு வேறுபாடு இருக்கவில்லை. சிகிச்சை வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஏழாம் மாதம் பிந்திய மாதம் என்றே பொருள். தாயின் உடம்பு இன்சுலினுக்கு எவ்வளவு மசிகிறது என்பது கலியாணத்துக்கு முன்பே, பள்ளிக்கூடக் கன்டீனிலும் ரியூசன் முடிந்து நிற்கும் கடை வாசலிலும் தீர்மானமாகிக்கொண்டிருக்கிறது. முட்டைக் கோதில் நல்லெண்ணெய் அளந்தவர்கள் ஏழாம் மாதம்வரை காத்திருக்கவில்லை.

புதுமணத் தம்பதியருக்கென்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் ஒரு பரிசோதனைத் திட்டம் நடக்கிறது. எடை, இரத்தம், சீனி எல்லாம் பார்ப்பார்கள், காசு கேட்கமாட்டார்கள். கலியாண எழுத்து முடிந்த கையோடு உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் நாள் கேளுங்கள். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.